பின்வரிசைக்கும் கேட்க வேண்டும்
நான்கு வாய்க்கால் அம்பிளிபயர் ஒன்றை நாமே அமைத்தல்



இடம்பெயர்ந்து வாழும் மக்களுக்குக் கூட்டங்கள் குறைவில்லை. நிவாரணப் பதிவு, காணி உறுதி, மீள்குடியேற்ற விண்ணப்பம், விதைநெல் விநியோகம், கண்ணிவெடி அகற்றப்படாத வயல்கள் பற்றிய எச்சரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் நடக்கும். இருநூறு பேர் கூடினால் முன்னால் இருக்கும் ஐம்பது பேருக்குத்தான் பேச்சு வடிவாகக் கேட்கும். மரநிழலில் கைக்குழந்தைகளோடு நிற்கும் தாய்மாரும், காது மந்தமான முதியவர்களும், பிந்தி வந்தவர்களும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, "ஐயா என்னவாம் சொன்னவர்?" என்று கேட்பார்கள். பக்கத்தவர் தமக்கு விளங்கியதைச் சொல்வார். இப்படி வாய்க்கு வாய் மாறும்போது திகதி மாறும், கொண்டுவர வேண்டிய பத்திரத்தின் பெயர் மாறும். விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிட்ட குடும்பம் அதன் பலனை ஆண்டுக்கணக்கில் அனுபவிக்க நேரிடலாம். எனவே எல்லோருக்கும் ஒரே சொல் ஒரே நேரத்தில் கேட்பதை வெறும் வசதி என்று ஒதுக்கிவிட முடியாது.

வாடகை ஒலிபெருக்கிக்கு ஒவ்வொரு முறையும் பணம் கட்ட எல்லாச் சங்கங்களாலும் முடியாது. ஆனால் 12 வோல்ற்றுப் பற்றரி ஒன்றில் இயங்கும் சிறிய அம்பிளிபயர் ஒன்றை, பற்றாசுக்கோல் பிடிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் சில நாட்களில் அமைத்துவிடலாம். பாகங்களைப் பொருத்தும் வழியோடு, எந்தப் பாகம் ஏன் வருகிறது என்பதையும் இப்பாடம் சொல்கிறது. காரணம் விளங்கியவருக்கே கருவி பழுதுபட்டால் திருத்த முடியும்.

1. ஒரு பெரிய சத்தமா, நான்கு சிறிய சத்தமா?

வழமையாக ஒரு பெரிய ஊதுகுழல் ஒலிபெருக்கியை மரத்தில் கட்டி, கடைசி ஆளுக்கும் கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டுவார்கள். முன்னால் இருப்பவருக்குக் காது அடைக்கும். பின்னால் இருப்பவருக்கு அப்போதும் சொற்கள் தெளிவில்லாமல் இருக்கும். ஒலி தூரம் போகப்போக மெலியும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒலிமட்டம் 6 டெசிபெல் குறையும். அதை ஈடுசெய்ய அம்பிளிபயரின் சக்தியை நான்கு மடங்காக்க வேண்டும். காதுக்கு ஒலி இரண்டு மடங்காகத் தோன்றுவதற்கோ ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். இப்படிச் சக்தியைக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் களைத்துப்போவது பற்றரிதான்.

வயலுக்கு நீர் பாய்ச்சும் முறையை நினைத்துப் பாருங்கள். குளத்து நீரை ஒரே பெரு வாய்க்காலால் திறந்துவிட்டால் மேட்டுக்காணி காயும், பள்ளக்காணி அழுகும். அதனால்தான் கிளை வாய்க்கால்கள் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடைப்பு வைக்கிறோம். ஒலிக்கும் இதுவே முறை. கூட்டத்தின் நான்கு பக்கமும் நான்கு சிறிய ஸ்பீக்கர்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் சொந்த அம்பிளிபயரும் சொந்த ஒலியளவுத் திருகியும் கொடுப்போம். இதையே பல வாய்க்கால் அம்பிளிபயர் என்கிறோம். இதில் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு பக்கத்துக்கும் வேண்டிய அளவு ஒலியை மட்டும் விடலாம். இரண்டாவது, ஒரு வாய்க்கால் பழுதானாலும் மற்ற மூன்றும் பேசும். மூன்றாவது, ஆளில்லாத பக்கத்தை அடைத்துப் பற்றரியை மிச்சப்படுத்தலாம்.

2. முதலில் குளத்தின் கணக்கு

நீர் எவ்வளவு உண்டு என்று பாராமல் வயலை விதைப்பதில்லை. அதுபோல் பற்றரியின் கணக்கை முதலில் பார்ப்போம்.

நாம் தெரிவுசெய்வது ரீ.டீ.ஏ. 2003 என்னும் ஐந்து கால் ஐ.சி. இது கார் வானொலிகளுக்கென உருவாக்கப்பட்டது. ஆகவே 12 வோல்ற்றில் நன்கு இயங்கும். இதன் இயங்கு மின்னழுத்தம் 8 முதல் 18 வோல்ற்று வரை. பழைய கார் வானொலிகளிலிருந்தும் கழற்றி எடுக்கலாம்.

12 வோல்ற்று கொடுத்தால், ஐ.சி.யின் வெளியீடு நடுவிலுள்ள 6 வோல்ற்றிலிருந்து மேலும் கீழுமாக ஏறக்குறைய 5 வோல்ற்று அசையலாம், மீதி ஐ.சி.க்குள்ளேயே கழிந்துவிடும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இது ஏறத்தாழ 3 வாற்று. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதன் பாதி, அதாவது ஒன்றரை வாற்று. குறைவாகத் தோன்றலாம். ஆனால் 1 வாற்றில் 1 மீற்றர் தூரத்தில் 90 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர், 3 வாற்றில் 8 மீற்றர் தூரத்திலும் 77 டெசிபெல் அளவு தரும். எதிரில் இருந்து சாதாரணமாகக் கதைப்பவரின் குரல் ஏறக்குறைய 60 டெசிபெல். எனவே அமைதியான கூட்டத்துக்கு இது தாராளம்.

இனிச் செலவு. ஒலியில்லாமல் சும்மா இருக்கும்போதே ஒவ்வொரு ஐ.சி.யும் ஏறக்குறைய 45 மில்லி அம்பியர் இழுக்கும். நான்குக்கும் சேர்த்து 0.18 அம்பியர். 4 ஓம் ஸ்பீக்கரோடு முழுச் சத்தத்தில் தொடர்ந்து ஒலித்தால் ஒவ்வொரு வாய்க்காலும் மேலும் 0.4 அம்பியர் இழுக்கும். நான்குக்கும் மொத்தம் 1.8 அம்பியர் அளவு. ஆனால் மனிதர் பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு. ஆகவே பேச்சுக்கு மொத்தம் 0.6 அம்பியர் என்று கணக்கு வைத்தால் போதும்.

7 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றை எடுப்போம். ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே பாவிக்கக்கூடியது 3.5 அம்பியர்-மணி. அதை 0.6 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 6 மணித்தியாலம் வரும். ஒரு நாள் கூட்டத்துக்கு இது போதும். 20 வாற்றுச் சூரியத் தகடு ஒன்று நல்ல வெயிலில் 1 அம்பியருக்குச் சற்றுக் கூடுதலாகத் தரும். நான்கு மணித்தியால நல்ல வெயில் அந்த இழப்பை நிரப்பிவிடும். தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையில் சார்ஜ் கட்டுப்படுத்தி இருக்க வேண்டும்.

"சைக்கிள் டைனமோ போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். 1990 இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதிருந்த ஆண்டுகளில், டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நம்மில் பலர். ஆனால் சாதாரண டைனமோ தருவது 6 வோல்ற்று, 3 வாற்று. நமது கருவி சும்மா இருக்கவே 2 வாற்றுக்கு மேல் வேண்டும். வானொலிக்குப் போதியது இதற்குப் போதாது.

எச்சரிக்கை: லொறியில் உள்ளது 24 வோல்ற்று. அதில் இக்கருவியை ஒருபோதும் இணைக்க வேண்டாம். ஐ.சி.க்கள் எரிந்துபோகும்.

3. ஒரு கிளை வாய்க்காலை அமைத்தல்

ஐ.சி.யின் எழுத்துப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாகக் கால்களுக்கு 1 முதல் 5 வரை இலக்கம். முன்வரிசையில் 1, 3, 5 ஆம் கால்களும் பின்வரிசையில் 2, 4 ஆம் கால்களும் வளைந்திருக்கலாம், குழம்ப வேண்டாம்.

கால் 1: ஒலி உள்ளே வரும் வழி
கால் 2: பின்னூட்டல் வரும் வழி
கால் 3: பூமி (பற்றரியின் மறை முனை)
கால் 4: ஒலி வெளியே போகும் வழி
கால் 5: பற்றரியின் நேர் முனை

இவற்றோடு சேரும் பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தடையி என்பதைக் கடையில் றெசிஸ்ரர் என்றும், கொள்ளளவி என்பதைக் கப்பாசிற்றர் என்றும் கேளுங்கள்.

(அ) ஒலியளவுத் திருகி 10 கிலோ ஓம். அதன் நடுக்காலிலிருந்து 1 மைக்ரோபரட் கொள்ளளவி (துருவமற்ற வகை) ஊடாகக் கால் 1 க்கு. கொள்ளளவி ஒலியை விடும், நேரோட்டத்தை மறிக்கும்.

(ஆ) கால் 4 இலிருந்து 220 ஓம் தடையி. அதன் மறுமுனையிலிருந்து 2.2 ஓம் தடையி பூமிக்கு. இவை இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து 470 மைக்ரோபரட் கொள்ளளவி கால் 2 க்கு. அதன் நேர்ப்பக்கம் கால் 2 இல் இருக்க வேண்டும். 220 ஓம் தடையி அரை வாற்று வகையாக இருக்கட்டும்.

இந்த இரு தடையிகளே பெருக்கத்தைத் தீர்மானிக்கின்றன. வெளியே போகும் ஒலியின் சிறு பங்கைத் திருப்பிக் காட்டி, "இவ்வளவுதான் பெருக்கு" என்று ஐ.சி.க்குச் சொல்கின்றன. 220 ஐ 2.2 ஆல் பிரித்து 1 ஐக் கூட்டினால் 101. உள்ளே 1 மில்லிவோல்ற்று வந்தால் வெளியே 101 மில்லிவோல்ற்று போகும்.

(இ) கால் 4 இலிருந்து 39 ஓம் தடையியும் 0.039 மைக்ரோபரட் கொள்ளளவியும் தொடராகக் கால் 2 க்கு. காதுக்குப் பயனற்ற மிக உயர்ந்த அதிர்வெண்களை இது குறைக்கும்.

(ஈ) கால் 4 இலிருந்து 1 ஓம் தடையியும் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும் தொடராகப் பூமிக்கு. நீண்ட ஸ்பீக்கர் வயர் இணைத்தால் ஐ.சி. தானாகவே அதிரத் தொடங்கலாம். அந்த அதிர்வு காதுக்குக் கேட்காது, ஐ.சி. காரணமில்லாமல் சூடாவதே அதன் அடையாளம். இந்த இரு பாகங்களும் அதைத் தடுக்கும். சிறியவை என்று விட்டுவிட வேண்டாம்.

(உ) கால் 4 இலிருந்து 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஊடாக ஸ்பீக்கருக்கு. நேர்ப்பக்கம் கால் 4 இல். கால் 4 இல் எப்போதும் 6 வோல்ற்று நிற்கும். அது நேராகப் போனால் ஸ்பீக்கரின் சுருள் கருகிவிடும்.

(ஊ) கால் 5 இலிருந்து பூமிக்கு 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று, ஐ.சி.க்கு மிக அருகில். நான்கு வாய்க்காலுக்கும் பொதுவாக 2200 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று பற்றரி வயர் வந்து சேரும் இடத்தில்.

இப்படி ஒன்றை அமைத்துச் சோதித்த பின்னரே அடுத்த மூன்றையும் அமையுங்கள்.

4. தலைவாய்க்கால்: மைக் ஒலிகளைச் சேர்க்கும் பகுதி

சாதாரண டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் பிடித்துப் பேசினால் வருவது ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று மட்டுமே. நமது கிளை வாய்க்கால் முழுச் சக்தி தர 35 மில்லிவோல்ற்று அளவு வேண்டும். ஆகவே மைக் ஒலியை முதலில் ஒரு தடவை உயர்த்த வேண்டும். கூட்டத்தில் பேச்சாளருக்கு ஒரு மைக், சபையில் கேள்வி கேட்பவருக்கு ஒரு மைக் என இரண்டு தேவை. அறிவித்தல் ஒலிப்பதிவுக்காகக் கைத்தொலைபேசிக்கும் ஒரு வழி வைப்போம்.

இதற்கு 4558 என்னும் எட்டுக்கால் ஐ.சி. இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு பெருக்கிகள் உண்டு. ஆக மொத்தம் நான்கு. இரண்டு மைக்குக்கு இரண்டு, சேர்ப்பதற்கு ஒன்று, அரைவாசி மின்னழுத்தம் தர ஒன்று.

முதலில் இந்தப் பகுதிக்குரிய மின்சாரத்தை வடிகட்டுங்கள். பற்றரியின் நேர் முனையிலிருந்து 100 ஓம் தடையி ஊடாக எடுத்து, 470 மைக்ரோபரட் கொள்ளளவியைப் பூமிக்கு இணைத்து, அங்கிருந்து இரு ஐ.சி.க்களின் கால் 8 க்கும் கொடுங்கள். கால் 4 பூமி.

அரைவாசி மின்னழுத்தம்: வடிகட்டிய மின்சாரத்துக்கும் பூமிக்கும் இடையில் 10 கிலோ ஓம் தடையிகள் இரண்டைத் தொடராக இணையுங்கள். நடுவிலிருந்து 100 மைக்ரோபரட் பூமிக்கு. அதே நடுவிடத்தை ஒரு பெருக்கியின் கால் 5 க்குக் கொடுத்து, கால் 6 ஐயும் 7 ஐயும் ஒன்றாக இணைத்தால், கால் 7 இல் ஆடாத அரைவாசி மின்னழுத்தம் கிடைக்கும். ஒலி என்பது மேலும் கீழும் அசைவது. அது இரு பக்கமும் அசைய இடம் வேண்டுமானால் நடுவில் நிற்க வேண்டும்.

மைக் பெருக்கி: மைக்கிலிருந்து 1 மைக்ரோபரட் ஊடாகக் கால் 3 க்கு (நேர்ப்பக்கம் ஐ.சி.யில்). கால் 3 இலிருந்து 47 கிலோ ஓம் அரைவாசி மின்னழுத்தத்துக்கு. கால் 1 இலிருந்து 2 க்கு 47 கிலோ ஓம். கால் 2 இலிருந்து 1 கிலோ ஓமும் 1 மைக்ரோபரட்டும் தொடராகப் பூமிக்கு. கொள்ளளவியின் மறைப்பக்கம் பூமியில். பெருக்கம் 48. அதாவது 2 மில்லிவோல்ற்று 96 ஆகும். இங்கே 1 மைக்ரோபரட் என்று சிறிதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 160 ஹேர்ட்சுக்குக் கீழுள்ள ஒலிகளை அது குறைக்கும். காற்று அடிக்கும் சத்தமும் மைக்கில் கை படும் சத்தமும் பெரும்பாலும் அங்கேதான் உள்ளன; பேச்சின் தெளிவு அதற்கு மேலேதான் உள்ளது.

கால் 1 இலிருந்து 10 மைக்ரோபரட் (நேர்ப்பக்கம் ஐ.சி.யில்) ஊடாக 10 கிலோ ஓம் திருகிக்கு. இது அந்த மைக்கின் துருசு. இரண்டாவது மைக்குக்கும் இதே அமைப்பு.

சேர்க்கும் பெருக்கி: ஒவ்வொரு மைக் திருகியின் நடுக்காலிலிருந்தும் 1 மைக்ரோபரட்டும் (நேர்ப்பக்கம் தடையி நோக்கி) 47 கிலோ ஓமும் தொடராக வந்து, சேர்க்கும் பெருக்கியின் மறை உள்ளீட்டுக் காலில் ஒன்றுகூடும். கைத்தொலைபேசிக்கும் அதேபோல 10 கிலோ ஓம் திருகி ஒன்று. ஆனால் அதன் ஒலி பலமானது, ஆகவே அதற்கு 47 க்குப் பதிலாக 100 கிலோ ஓம். தொலைபேசியின் இடது, வலது இரண்டையும் தனித்தனி 1 கிலோ ஓம் ஊடாகவே ஒன்றாக்க வேண்டும், நேராக முடியக்கூடாது. இப்பெருக்கியின் வெளியீட்டிலிருந்து மறை உள்ளீட்டுக்கு 47 கிலோ ஓம். நேர் உள்ளீடு அரைவாசி மின்னழுத்தத்தில்.

இம்முறையின் சிறப்பு இது: ஒன்றுகூடும் அந்த இடம் ஒலியைப் பொறுத்தவரை அசையாமல் நிற்கும். ஆகவே ஒரு மைக்கின் திருகியை அடைத்தாலும் திறந்தாலும் மற்ற மைக்கின் ஒலி கூடவோ குறையவோ மாட்டாது. வெறுமனே வயர்களை ஒன்றாக முடிந்துவிட்டால் அப்படி இராது. ஒருவர் வாய்க்காலை அடைக்க அடுத்தவர் வயல் காய்ந்த கதையாகும்.

இப்பெருக்கியின் வெளியீட்டை 10 மைக்ரோபரட் (நேர்ப்பக்கம் ஐ.சி.யில்) ஊடாக நான்கு கிளை வாய்க்கால்களின் ஒலியளவுத் திருகிகளுக்கும் பகிர்ந்து கொடுங்கள். கணக்கைச் சரிபார்ப்போம்: கையில் உள்ளது 96 மில்லிவோல்ற்று, தேவை 35. மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடிப்பவருக்கும் மெல்லிய குரலுக்கும் இந்த மேலதிகம் உதவும்.

5. பூமி வயரில் பிழை வேண்டாம்

வீட்டில் செய்யும் அம்பிளிபயர்களில் இரைச்சலும் ஊளையும் வருவதற்குப் பெரும்பாலும் பூமி வயரே காரணம். ஸ்பீக்கரின் பூமி வயரில் ஒரு அம்பியருக்கு மேல் ஓடும். மைக்கின் பூமி வயரில் ஓடுவது மிகச் சிறிது. இரண்டையும் ஒரே வயரில் ஓடவிட்டால் பெரிய ஓட்டம் சிறியதைக் குழப்பும். வெளியே போன ஒலி மீண்டும் உள்ளே நுழையும்.

ஆகவே 2200 மைக்ரோபரட் கொள்ளளவியின் மறைக்காலை நடுப்புள்ளியாக வையுங்கள். பற்றரியின் மறை வயர், நான்கு ஐ.சி.க்களின் கால் 3, நான்கு ஸ்பீக்கர்களின் பூமி, மைக் பகுதியின் பூமி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வயராக அங்கே வந்து சேரட்டும். மைக் வயர் உலோகப் பின்னல் உறையுள்ளதாக இருக்க வேண்டும்.

6. வெப்பமும் காவலும்

முழுச் சத்தத்தில் ஒவ்வொரு ஐ.சி.யும் 2 வாற்றுக்குச் சற்றுக் கூடுதலான வெப்பத்தை வெளிவிடும்; நான்கும் சேர்ந்து 9 வாற்று அளவு. 3 மில்லிமீற்றர் தடிப்பும் 10 சென்ரிமீற்றர் அகலமும் 25 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள அலுமினியத் தகட்டில் நான்கையும் வரிசையாக முடுக்குங்கள். இந்த ஐ.சி.யின் உலோகத் தலை உள்ளே கால் 3 உடன், அதாவது பூமியுடன், இணைந்துள்ளது. ஆகவே நான்கையும் ஒரே தகட்டில் மைக்கா இல்லாமலே பூட்டலாம். ஐ.சி. வகை மாறினால் இவ்விதி பொருந்தாது. ரீ.டீ.ஏ. 2030 இன் தலை மறை மின்வழங்கலோடு இணைந்தது. வேறு வகை பாவித்தால் முதலில் விசாரியுங்கள். தகட்டை நிலைக்குத்தாக, பெட்டிக்கு வெளியே காற்றுப் படும்படி பொருத்துங்கள்.

பற்றரியின் நேர் முனைக்கு அருகிலேயே 3 அம்பியர் உருகி (பியூஸ்) ஒன்று கட்டாயம். சிறிய பற்றரி என்றாலும் முனைகள் நேராகத் தொட்டால் வயர் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். தறப்பாள் கொட்டிலிலும் ஓலைக் கொட்டிலிலும் வாழ்வோருக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. உருகி போனால் அதே அளவு உருகியையே போடுங்கள். ஈயத்தாளோ ஆணியோ வேண்டாம். உருகிக்குப் பின்னால், நேர் வயருக்கும் பூமிக்கும் இடையில் 1 என் 5408 இருவாயி (டயோட்) ஒன்றை, கோடுள்ள பக்கம் நேர் வயரில் இருக்கும்படி இணையுங்கள். அவசரத்தில் யாராவது பற்றரியை மாறிக் கொடுத்தால் உருகி போகும், கருவி தப்பும்.

7. வயரின் நீளமும் ஸ்பீக்கரின் இடமும்

20 மீற்றர் தூரத்து ஸ்பீக்கருக்குப் போக வர 40 மீற்றர் வயர். 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் இதன் தடை ஏறத்தாழ 1 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரானால் ஐந்தில் ஒரு பங்கு சக்தி வயரிலேயே போய்விடும். 8 ஓம் ஸ்பீக்கரானால் ஒன்பதில் ஒரு பங்கே போகும். மணி அடிக்கும் மெல்லிய வயரில் (0.2 சதுர மில்லிமீற்றர்) தடை 3.5 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பாதிக்குக் கிட்ட வீண். எனவே தூரத்துக்கு 8 ஓம் ஸ்பீக்கரும் தடித்த வயரும், கிட்டத்துக்கு 4 ஓம் ஸ்பீக்கரும் போடுங்கள்.

ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 345 மீற்றர் செல்லும். ஒருவரின் காதுக்கு ஒரு ஸ்பீக்கர் மற்றதை விட 17 மீற்றருக்கு மேல் தூரமாக இருந்து, இரண்டும் பலமாகக் கேட்டால், ஒரே சொல் இரண்டு தடவை கேட்பதுபோல் குழப்பம் வரும். ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் பகுதியை மட்டும் பார்க்கட்டும்; சத்தத்தை அந்தப் பகுதிக்குப் போதுமான அளவில் நிறுத்துங்கள். நிற்பவரின் தலைக்குச் சற்று மேலே கட்டி, முகத்தை இலேசாகக் கீழே சாயுங்கள். மைக் எப்போதும் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும்; முன்னால் வந்தால் ஊளையிடும். ஊளையிட்டால் மைக்கைக் கையால் பொத்த வேண்டாம், அது கூடும். பேசுபவரை மைக்குக்குக் கிட்ட வரச் சொல்லித் திருகியைக் குறையுங்கள்.

8. சோதிக்கும் ஒழுங்கு

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது உருகியின் இடத்தில் மோட்டார் சைக்கிளின் 12 வோல்ற்று 5 வாற்றுப் பின்விளக்குக் குமிழை வையுங்கள். ஸ்பீக்கர் இணைக்க வேண்டாம். கொள்ளளவிகள் நிரம்பும்போது குமிழ் ஒரு கணம் மினுங்கி அணைந்தால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ தவறான தொடுப்பு உண்டு. உடனே கழற்றித் தேடுங்கள்.

அடுத்து மீற்றரால் அளவுங்கள். கால் 4 இல் பற்றரியின் அரைவாசி, அதாவது 6 வோல்ற்று அளவு, இருக்க வேண்டும். 1000 மைக்ரோபரட்டின் மறுபக்கத்தில் ஒரு பழைய தடையியைப் பூமிக்கு வைத்து அளந்தால் பூச்சியத்துக்கு வர வேண்டும். 4558 இன் கால் 1, 7 இலும் அரைவாசி நிற்க வேண்டும். பிறகே ஸ்பீக்கரை இணைத்து, தொலைபேசியிலிருந்து மெல்லிய ஒலி கொடுங்கள். விரலால் தொட்டு "ம்ம்" என்ற சத்தம் வருகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் மின்சாரக் கம்பி அருகில் உள்ள ஊரில்தான் சரிவரும். மின்சாரம் இல்லாத குடியிருப்பில் அந்தச் சத்தம் வராமலும் போகலாம்.

9. இன்று கடையில் கிடைக்கும் தயார்ப் பலகைகள்

இன்று "கிளாஸ் டி" வகைச் சிறு பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. இவை பற்றரியிலிருந்து எடுப்பதில் 80 வீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுக்கவல்லவை, நமது ஐ.சி. முழுச் சத்தத்திலும் ஏறக்குறைய 60 வீதமே கொடுக்கும். அவற்றைப் பாவிப்பதில் தவறில்லை. ஆனால் பெருக்கியை மாற்றினாலும் பற்றரிக் கணக்கு, உருகி, வயர்த் தடிப்பு, ஸ்பீக்கரின் இடம், மைக் சேர்க்கும் முறை ஒன்றும் மாறா. பலகை எரிந்தால் முழுப் பலகையும் குப்பைக்கே போகும். ஐந்து கால் ஐ.சி. எரிந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கடை தூரமான ஊரில் இதையும் யோசித்துத் தெரிவு செய்யுங்கள். சில பலகைகளில் ஸ்பீக்கரின் இரு வயரும் பூமியைத் தொடக்கூடாது என்பதையும் கவனியுங்கள்.

10. கருவி யாருக்கு உரியது?

கருவியைச் சங்கத்தின் பெயரில் பதிந்து, பொறுப்பை இருவரிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. மாதம் ஒருமுறையாவது பற்றரியைச் சார்ஜ் செய்ய வேண்டும். சும்மா கிடந்தால் அது கெட்டுவிடும். சார்ஜ் செய்வது திறந்த காற்றில், அடுப்புக்குத் தூரத்தில். பொது இடத்தில் ஒலிபெருக்கி பாவிக்கப் பொலிஸ் அனுமதி தேவை. கூட்டத்துக்கு முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மைக்கை நாம் வீணாக வைக்கவில்லை. ஒரு மைக் மட்டும் உள்ள கூட்டத்தில் மேடையில் நிற்பவர் பேசுவார், மக்கள் கேட்பார்கள். சபைக்குள் ஒரு மைக் போனால், மேடைக்கு வரக் கூச்சப்படும் பெண்ணும், வந்து நிற்க முடியாத முதியவரும் இருந்த இடத்திலிருந்தே, "எங்கட காணியில இப்ப ஆர் இருக்கினம்?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நான்கு பக்கமும் ஒலிக்கும். பதில் சொல்ல வேண்டியவர் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் கடைசிக் கூட்டத்தில் பேச்சுக் கேட்காத பகுதி எது? அங்கே இருந்தவர்கள் யார்?
2. உங்களிடம் உள்ள பற்றரி எத்தனை அம்பியர்-மணி? மேலே சொன்ன கணக்கின்படி அது எத்தனை மணித்தியாலம் தாங்கும்?
3. இரண்டு ஸ்பீக்கர் 15 மீற்றரிலும் இரண்டு 5 மீற்றரிலும் என்றால் எத்தனை மீற்றர் வயர் வேண்டும்? எதற்கு 4 ஓம், எதற்கு 8 ஓம்?
4. உங்கள் குடியிருப்பில் பற்றாசு வேலை தெரிந்தவர்கள் யார்? அவர்களிடம் பழக விரும்பும் இளைஞர், யுவதிகள் யார்?
5. சபைக்குரிய மைக்கை யார் கையில் கொடுப்பீர்கள்? அவர் அதை யாரிடமெல்லாம் கொண்டுபோக வேண்டும்?